காத்தான் இரவல் கொடுத்த ஊசி

“தண்ணி முறைன்னு நெனச்சியாய்யா? வாயத் தொறந்து சொல்லு, தண்ணி முறைன்னா நெனச்ச?”

அம்சத்தின் குரல் தெற்குத்தெரு அடிபம்பில் கிளம்பி வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பம்பில் குடம் வைத்திருந்த பெண்கள் யாரும் குடத்தைத் தூக்கவில்லை. ரெங்கம்மாள் நிறைந்த குடத்துக்கு மேலேயே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, காது முழுக்க இந்தப் பக்கம்தான்.

“கத்தாத, ஊரு பாக்குது” என்றான் அவள் புருஷன் காத்தான்.

“பாக்கட்டும். மறியலுக்குப் போன எடத்துல ஒரே ஒரு ராத்திரி போலீஸ்காரனுவ கல்யாண மண்டபத்துல அடைச்சு வச்சு விட்டானுவ. அந்த ஒரு ராத்திரிக்குள்ள பெத்த புள்ள ஊசிய எடுத்து மேலத்தெருவுக்குத் தானம் பண்ணிட்டு நிக்கிறியே, நீ மனுசன்தானா?”

“தானம் இல்லடி. முறை மாத்திக்கிட்டோம். அடுத்த தடவ ரெண்டா எடுத்துக்கன்னு சொல்லியிருக்காரு.”

பம்புச் சத்தம் நின்றது. ரெங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, பதற்றமா என்று யாருக்கும் தெரியாதபடி மூடுவதில் அவள் கெட்டிக்காரி.

காத்தான்மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. சேந்தங்கரை வாய்க்காலில் மடையைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்ப்பது அவன் வேலை. அந்த ஊரில் தண்ணீர் முறை என்பது இரவல் கொடுக்கக்கூடிய சாமான். கல்யாண வீட்டுக்காரன் தன் முறையைப் பங்காளிக்கு விடுவான், பங்காளி அடுத்த முறையில் திருப்புவான். இத்தனை வருஷமாக இதையே பார்த்துப் பழகினவனுக்கு, ஜீப்பில் வருகிற ஊசியும் மடையில் வருகிற தண்ணீரும் ஒன்றாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மிராசுதார் துரைராசுவுக்கும் அப்படியே தோன்றியதுதான். மடைக்காரனும் மிராசும் ஒரே மாதிரி யோசித்தது சேந்தங்கரைச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

சூரியன் போய் இலை ஆட்சிக்கு வந்த மறு வருஷத்துத் தை மாதம் அது. சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. கூலி நெல்லை உயர்த்தாமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று சங்கம் சொல்லிவிட்டது. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுப்போம் என்றது மேலத்தெரு. வெளியூர் ஆள் எப்படி வருகிறான் பார்ப்போம் என்று நாலுரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டது தெற்குத்தெரு. பஸ் நின்று போயிற்று. ஊசி கொண்டுவரும் ஜீப்புக்கு மட்டும் மரத்தைக் கொஞ்சம் புரட்டி வழி விட்டார்கள்.

அம்சத்தின் மகள் பொன்னுத்தாய்க்கு வயது பதின்மூன்று. ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. அப்புறம் முழங்கால் வீங்கியது. அந்த வீக்கம் கணுக்காலுக்கு இறங்கி, மணிக்கட்டுக்குத் தாவி, விருந்தாளி மாதிரி மூட்டு மூட்டாக உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டது. போகிற போக்கில் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்பது, தஞ்சாவூரிலிருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கெட்டது கெட்டதுதான். இனிமேல் கெடாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. அதற்காகத்தான் ஜீப். டிரைவர் மூஸா ஓட்ட, நர்ஸ் மெஹராஜ் பேகம் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஆளுக்கு ஒரு குப்பி, அதிகம் இருக்காது.

கெட்டியான மருந்து. இடுப்புக்குக் கீழே போட்டால் ஒரு நாள், இரண்டு நாள் பிள்ளைகள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார்கள். நேற்றைய முகாமுக்குப் பிறகு தெற்குத்தெருவில் ஆறு பிள்ளைகள் அச்சாணி கழன்ற வண்டி மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். ஏழாவது பிள்ளை பொன்னுத்தாய் மட்டும், மண்டபத்திலிருந்து திரும்பிய அம்மாவைக் கண்டதும் நேராக நடந்து வந்து கையைப் பிடித்தாள். அம்சத்துக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“ஊசி போட்டியா பாப்பா?”

“இல்லம்மா. இந்தத் தடவ எனக்கு லீவுன்னு அப்பா சொல்லிச்சு.”

நடந்தது இதுதான். முந்தாநாள் துரைராசு தானே மடைக்கு வந்திருக்கிறார். ஒரே மகள் மங்களாம்பிகைக்கும் அதே நோய். வயது பதினாறு, பார்த்தால் பதின்மூன்றுதான் மதிக்கலாம். மாதாமாதம் ‘பெரியம்மா வீட்டுக்கு’ என்று சொல்லித் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய், ஒரு கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக் கூட்டி வருவார்கள். மேலத்தெருவில் அது பரம ரகசியம். கும்பகோணத்திலிருந்து மாசியில் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. இப்போது ரோடு அடைத்துக் கிடக்கிறது, ஊசி நாளோ வந்துவிட்டது. அதனால் காத்தானிடம், “ஒம் பொண்ணு முறைய இந்தத் தடவ எனக்கு விட்டுக்குடேன்” என்று கேட்டிருக்கிறார்.

“அவரு கேட்டா நீ குடுத்துர்றதா?”

காத்தான் தலையைக் குனிந்துகொண்டான். “‘கொஞ்சம் பாருப்பா’ன்னாருடி. இத்தன வருசத்துல அந்த வாயிலேந்து எனக்கு ஒரு ‘அப்பா’ வந்ததில்ல. ‘பாருப்பா’ன்னதும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சு.”

அம்சத்துக்குக் கோபத்துக்கு நடுவே அவன்மேல் இரக்கமும் வந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற ஆள் அவள் இல்லை.

முகாம் அன்றைக்கு மெஹராஜ் பேகம் லீவு. ஜீப்பில் வந்தது ஒரு புது நர்ஸ். “பொன்னுத்தாய்” என்று கூப்பிட்டதும், வேலைக்காரியின் பழைய பாவாடை தாவணியில் மங்களாம்பிகை போய் நின்றாள். “எம் பொண்ணுதாங்க” என்றான் காத்தான். அதுவும் எங்கே? சங்கக் கொட்டகையில், செங்கொடிக்கு நேர் கீழே. முன்பெல்லாம் ஜீப் நின்றது துரைராசுவின் அரைவை மில்லில்தான். கூலித் தகராறு முற்றியதும், “என் நெல்ல அறுக்க மாட்டாங்களாம், என் நெழல் மட்டும் வேணுமாம்” என்று மில்லைப் பூட்டிவிட்டார். முகாம் கொட்டகைக்கு மாறியது அதனால்தான். வரிசையில் நின்ற பெற்றோர் அத்தனை பேருக்கும் மிராசு வீட்டுப் பெண்ணை அடையாளம் தெரிந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்களாம். கூரையில் பார்ப்பதற்கு ஓட்டைகள் நிறைய இருந்தன.

“ஐப்பசிப் புயலப்ப ஜீப் வராம ஒரு ஊசி தப்பிச்சே, அப்ப என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?” என்று அம்சம் கேட்டாள். இப்போது சத்தம் இல்லை. “மறுபடி காய்ச்சல், மறுபடி முட்டி வீக்கம். மூச்சு எளைச்சு எளைச்சு, நீதான தோள்ல போட்டுக்கிட்டு மன்னார்குடிக்கு ஓடுன? இன்னொரு வாட்டி வந்தா அந்த வால்வு தாங்காதுன்னு டாக்டரு நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சுத்தான சொன்னாரு? அடுத்த ஜீப்புக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு. தெருவுல பாதிப் புள்ளைங்க இப்பவே தொண்டையப் புடிச்சுக்கிட்டு இருமுதுங்க.”

காத்தான் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அம்சம் முந்தானையை இழுத்துச் செருகினாள், மகள் கையைப் பிடித்தாள், மேலத்தெருவை நோக்கி நடந்தாள். அடிபம்புக் கூட்டம் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனது. எல்லாருக்கும் அந்தப் பக்கம் திடீரென்று ஒரு வேலை இருந்தது.

துரைராசு வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் அவர் மனைவி வள்ளியம்மை நின்றிருந்தாள்.

“கூலிப் பேச்சுன்னா பஞ்சாயத்துக்கு வா. வீட்டு வாசல்ல என்ன?”

“கூலி பேச வரலம்மா. ஊசி பேச வந்திருக்கேன்.”

வள்ளியம்மையின் முகம் வெளுத்தது. “மெதுவாப் பேசு அம்சம்.”

“நேத்து முழுக்கக் கோஷம் போட்டுத் தொண்ட தொறந்துக்கிச்சும்மா. மூட மாட்டேங்குது.”

துரைராசு கரைவேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். ஆள் நல்ல உயரம். ஆனால் அன்றைக்கு ஏனோ கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

“காத்தான் மனசாரத்தான் விட்டுக்குடுத்தான். நான் முறை தவறுறவன் இல்ல. அடுத்த வாட்டி மங்களத்தோட முறையையும் சேத்து ஒம் பொண்ணுக்கே விட்டுர்றேன்.”

“ஒரு வாரம் சோறு போடாம மறு வாரம் ரெட்டிப்பாப் போட்டா புள்ள பொழைக்குமாங்க? நாளைக்கே இதுக்குக் காய்ச்சல் வந்தா, அடுத்த முறை வரைக்கும் இருக்கச் சொல்லி நீங்க வந்து சொல்லுவீங்களா?”

துரைராசு பொன்னுத்தாயைப் பார்த்தார். அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மங்களாம்பிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்களாம்பிகை தரையைப் பார்த்தாள்.

“இப்ப என்ன செய்யணுங்கிற?”

“கார எடுங்க. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“நல்லாச் சொன்ன! மரத்த வெட்டிப் போட்டிருக்கிறது யாரு? ஒங்க ஆளுங்கதான? என் காரு நாலுரோட்டத் தாண்டுமா? கொளுத்திப்புடுவானுவ.”

“நான் முன்னாடி ஒக்காந்துக்கிறேன். எவன் கொளுத்துறான்னு பாப்போம்.”

“முன் சீட்டுலயா?” என்றாள் வள்ளியம்மை. மகள் நோய் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதைவிட இது அவளைப் பலமாகத் தாக்கிவிட்டது. அந்த அம்பாசிடரின் முன் சீட்டில் இதுவரை உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் துரைராசுவின் மாமனார், இன்னொருவர் தேர்தலுக்கு வந்த ஒரு வேட்பாளர். அவரும் தோற்றுப்போனார்.

“ஆமாம்மா, முன் சீட்டுலதான். ஒங்க பொண்ணும் வரணும்.”

“அவ எதுக்கு? அவளுக்குத்தான் போட்டாச்சே!”

“பாதி வழியில கார் திரும்பாம இருக்கணும்ல? ஒங்க பொண்ணு உள்ள இருந்தா எனக்கு ஒரு தைரியம்.”

“அதெல்லாம் முடியாது” என்றார் துரைராசு.

“அப்படிங்களா?” அம்சம் தெருவை நோக்கித் திரும்பினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். “ஏ ரெங்கம்மா! இங்க வா, ஒனக்கு ஒரு சேதி—”

“ஏத்துறோம், ஏத்துறோம்!” என்றாள் வள்ளியம்மை.

கார் கிளம்பியபோது மேலத்தெரு முழுவதும் ஜன்னலில் இருந்தது. துரைராசு தானே ஓட்டினார், தலையில் துண்டைப் போட்டு முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு. பக்கத்தில் அம்சம், கையில் மறியலுக்குக் கொண்டுபோயிருந்த செங்கொடி, கொடி ஜன்னலுக்கு வெளியே. பின்னால் இரண்டு பெண்கள், நடுவில் வள்ளியம்மை கொடுத்தனுப்பிய முறுக்கு டின். எதிர்வீட்டு தியாகராசன் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தவர், டம்ளரைச் சாய்த்துவிட்டதுகூடத் தெரியாமல் நின்றார். துரைராசு சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்று டீக்கடைக்குச் சேதி போனது. இல்லை, அம்சம் விலை போய்விட்டாள் என்று இன்னொரு டீக்கடைக்குப் போனது. காத்தான் கொஞ்ச தூரம் காரோடு ஓடிவந்து, “நானும் வரட்டுமா?” என்றான்.

“நீ போயி மடையப் பாரு. அதையும் யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துறாத.”

நாலுரோட்டில் புளியமரம் கிடந்தது. மரத்தின்மேல் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் நடராசன் சின்ன வயசு, தாடி வைத்தவன். சாதாரணப் பேச்சையும் மேடைப் பேச்சாகத்தான் பேசுவான். எழுந்து கையைத் தூக்கினான்.

“அம்சக்கா! நேத்து ராத்திரி எங்களோட மண்டபத்துல உப்புமா சாப்புட்ட. இன்னைக்கு மிராசு காரா?”

“அந்த உப்புமாவ நெனவுபடுத்தாத, வயித்தக் கலக்குது. மரத்த நவுத்து.”

“கமிட்டி முடிவு பண்ணாம மரம் நவுராது.”

“கமிட்டியில நானும் இருக்கேன். நான் முடிவு பண்ணியாச்சு.”

“அக்கா, வெளையாட்டு இல்ல. இன்னைக்குக் காருக்கு வழி விட்டா நாளைக்கு அறுப்பு ஆளு ஏத்தின லாரிக்கு வழி கேப்பாங்க. இத்தன நாள் பட்டினி கெடந்தது வீணாப் போவும்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மரம் விழுந்தபோது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தவளே அம்சம்தான்.

“பொன்னுத்தாய்க்கு ஊசி போடணும் தம்பி. நேத்து தப்பிப்போச்சு” என்றாள்.

நடராசனின் கை தானாகக் கீழே இறங்கியது. புயல் சமயத்தில் பொன்னுத்தாய் மூச்சுக்குத் தவித்ததை அவனும் பார்த்திருக்கிறான். “பாப்பாவுக்குன்னா சரி. ஆனா பின்னாடி மிராசு பொண்ணு எதுக்கு? பொண்ணு பாக்குற பேச்சுன்னு ஊரே சொல்லுது. அவங்க கல்யாண வேலைக்கு நம்ம மறியல் வழி விடணுமா? அந்தப் பொண்ண எறக்கச் சொல்லு.”

அம்சத்தின் வாயில் பதில் தயாராக இருந்தது. ஒரு வரி சொன்னால் போதும், மரம் நகர்ந்துவிடும். கண்ணாடியில் மங்களாம்பிகையின் முகம் தெரிந்தது. பொன்னுத்தாய்க்கு ராத்திரியில் மூச்சு முட்டும்போது கண் எப்படிப் பயந்து விரியுமோ, அதே கண். அம்சம் வாயை மூடிக்கொண்டாள். அவள் பேச்சு வராமல் நின்றதை அந்தக் கூட்டம் அதுவரை பார்த்ததில்லை, பார்த்துத் திகைத்தது. துரைராசு தலைத் துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பின்கதவு திறந்தது. மங்களாம்பிகை இறங்கினாள்.

“பொன்னுத்தாயோட ஊசிய நேத்து நான்தான் போட்டுக்கிட்டேன்” என்றாள். குரல் மெல்லிசு, ஆனால் நடுங்கவில்லை. “எனக்கும் அதே நோய்தான். அவளுக்குப் போடாம நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். மரத்த நகத்துங்க.”

“மங்களம்!” என்றார் துரைராசு.

மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த நாகம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, “அது எங்களுக்குத் தெரியுமே தாயி” என்றாள்.

“தெரியுமா?”

“மாசாமாசம் கார்லேந்து எறங்கி எங்கூட்டுப் புள்ளைங்க மாதிரியே ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சு போவியே! கார்ல ஒக்காந்து கால் மரத்துப்போச்சுன்னு ஒங்கம்மா சொல்லும். நாங்களும் ஆமா ஆமான்னுக்குவோம். இப்பவும் எப்புடி நிக்கிற பாரு.”

எல்லாரும் பார்த்தார்கள். மங்களாம்பிகை ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டுதான் நின்றாள். முதலில் சிரித்தது பொன்னுத்தாய். அப்புறம் மங்களாம்பிகையே சிரித்துவிட்டாள். மரம் முழுக்கச் சிரித்தது.

“இது எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?” என்றான் நடராசன், நிஜமாகவே வருத்தப்பட்டு.

“ஒனக்குச் சொன்னா மைக்குல சொல்லிப்புடுவியே” என்றாள் நாகம்மாள்.

துரைராசு தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இனி எதை மறைக்க? அதற்குள் பத்துப் பேர் மரத்தைப் புரட்டி ஒரு காருக்கு வழி விட்டார்கள். சங்கத்தின் மானம் போகாமல் இருக்க, நடராசன் காரின் டிக்கியைத் திறந்து நெல் மூட்டை எதுவும் இல்லை என்று சத்தமாக அறிவித்தான். முறுக்கு டின்னையும் சோதனை போட்டான். சோதனைக்குப் பிறகு டின் கொஞ்சம் லேசாக இருந்தது.

தஞ்சாவூரில் மெஹராஜ் பேகம் லீவு முடிந்து வந்திருந்தாள். குட்டையான பெண், மூக்குக் கண்ணாடி, அதட்டல் மட்டும் ஆளைவிடப் பெரியது. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு முதலில் அம்சத்தைப் பிடித்தாள்.

“நீங்க எங்க போனீங்க?”

“ஜெயிலுக்கு.”

அதற்குமேல் அவளிடம் என்ன கேட்பது? துரைராசு பக்கம் திரும்பினாள்.

“ஐயா, ஒருத்தர் பேர்ல வர்ற மருந்த இன்னொருத்தருக்குப் போடக் கூடாதுங்க. சில பேர் ஒடம்புக்கு இந்த மருந்து ஒத்துக்காது. அந்தப் பொண்ணு வழக்கமாப் போட்டுக்கறவங்கன்னு நெனச்சு எங்க நர்ஸ் போட்டுட்டாங்க. வேற பொண்ணுக்கு அங்கயே மயக்கம் வந்திருந்தா, உசிருக்கு யார் பொறுப்பு? காத்தானா? நீங்களா?”

துரைராசுவை அப்படி யாரும் கேட்டதில்லை. அவர், “தப்புதாம்மா” என்றார். அம்சம் அதைக் காதில் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

பொன்னுத்தாய்க்கு முன்கையில் சோதனை ஊசி போட்டு, காத்திருந்து, அப்புறம் பெரிய ஊசி போட்டார்கள். அவள் மங்களாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தின கத்தில் அடுத்த வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அம்சம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கத்தலைக் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. முறுக்கு டின்னைத் திறந்தாள்.

இரண்டு பெண்களின் நெஞ்சிலும் டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். பொன்னுத்தாய் தேவலை. மங்களாம்பிகையின் வால்வுதான் அதிகம் சுருங்கியிருந்தது. ஊசி தவறாமல் போட்டார்களா என்று டாக்டர் கேட்க, போட்டோம் என்றார் துரைராசு. மங்களாம்பிகை குறுக்கே புகுந்தாள்.

“அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் தள்ளிப் போடுவோம் டாக்டர். அம்மாவுக்கு செவ்வாய்க்கிழமையும் ஆகாது. சில மாசம் பத்து நாள் தள்ளிப் போயிடும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்ணை ஒருமுறை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றும், வால்வைத் திறந்துவிட அங்கே வழி இருக்கிறது என்றும், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் ஊசி ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் துரைராசு மெஹராஜ் பேகத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஜீப்புல இன்னொரு குப்பி கூட வருமாம்மா?”

“பேர் சேத்தா வரும். எங்கன்னு எழுதறது, இங்கயா, ஒங்க ஊரு முகாமா?”

“சேந்தங்கரை.”

“அங்க எந்த எடத்துல? மில்லா?”

துரைராசு அம்சத்தைப் பார்த்தார். மில்லைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அம்சம் முந்திக்கொண்டாள்.

“மில்லு தொறந்தா மறுபடி பூட்டலாம். நாளைக்கு இன்னொரு தகராறு வரும், இன்னொரு பூட்டு வரும், புள்ளைங்க எங்க போவும்? கொட்டகைக்குக் கதவே கெடையாதுங்க. அங்கயே வாங்க. வரிசையில நின்னா போடுவாங்க.”

துரைராசு மெஹராஜ் பேகம் பக்கம் திரும்பினார். “சங்கக் கொட்டகைன்னே போட்டுக்கம்மா” என்றார்.

கூலித் தகராறு அதற்கப்புறமும் நடந்தது. ஊசிக்காக யாரும் ஒரு படி நெல்லைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அம்சமும் துரைராசுவும் தாசில்தார் ஆபீசில் எதிர் எதிராக உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கடைசியில் சங்கம் கேட்டதற்கும் மிராசுகள் சொன்னதற்கும் நடுவில் ஓரிடத்தில் முடிந்து, நெல் களத்துக்கு வந்தது. ஆனால் அடுத்த ஜீப் வந்த அன்று, கரைவேட்டியோடு துரைராசு செங்கொடிக்குக் கீழே எட்டாவது ஆளாக நின்றார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு அஷ்டமி. வள்ளியம்மை வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டுக் கொட்டகை வாசல் வரைக்கும் வந்தாள், உள்ளே மட்டும் வரவில்லை. அதற்கடுத்த தடவை உள்ளேயும் வந்துவிட்டாள். நாகம்மாளிடம் அவள் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டதை ரெங்கம்மாள் பார்த்ததாகச் சொன்னாள். ரெங்கம்மாள் பார்த்ததில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

கும்பகோணத்துச் சம்பந்தம் மாசியில் வரவில்லை. வரவேண்டாம் என்று துரைராசுவே ஆள் அனுப்பிவிட்டார். மங்களாம்பிகைக்கு மறு வருஷம் மெட்ராஸில் வால்வைத் திறந்துவிட்டார்கள். இருபத்து மூன்றாம் வயதில் அவள் திருக்கடையூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாப்பிள்ளை வீட்டார், அங்கே அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்துக்குச் சமைத்துப் போடுகிறவர்கள். பெண் பார்க்க வந்த அன்றே துரைராசு நோயைச் சொல்லிவிட்டார். “அறுபதுல மாலை மாத்துறவங்கள தெனம் பாக்கிறேன் மாமா. பாதிப் பேருக்கு நெஞ்சுல ஏதோ ஒண்ணு இருக்கு” என்றானாம் மாப்பிள்ளை. மங்களாம்பிகை டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு பிள்ளை பெற்றாள்.

மெஹராஜ் பேகம் டிரைவர் மூஸாவைக் கட்டிக்கொண்டு நாகூர் பக்கம் மாற்றலாகிப் போனாள். ஜீப் வர வர மெதுவாக வந்தபோதே ஊர் அதை யூகித்துவிட்டது. நடராசன் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனிச் சங்கத்தில் பேசுகிறான் என்று கேள்வி.

பொன்னுத்தாய்க்குத்தான் கல்யாணம் தாமதமானது. பெண் கேட்டு யார் வந்தாலும் அம்சம் நகை, நிலம் எதுவும் கேட்கமாட்டாள். “ஒங்க ஊருக்கு ஜீப்பு வருமா?” என்பது ஒன்றுதான் அவள் கேள்வி. வராது என்றவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். கோடியக்கரை உப்பளத்தில் வேலை பார்த்த அரசப்பன் என்ற பையன் மூன்று தடவை வந்தான், மூன்று தடவை மோர் குடித்தான். நாலாவது தடவை தகரப் பெட்டியோடு வந்து, “ஜீப்பு அங்க வராதுங்க. அதனால நான் இங்க வந்துட்டேன்” என்றான். வைகாசியில் கல்யாணம். மாமனார் காத்தான் வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனையில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்தான். அரசப்பன் தெற்குத்தெருவோடு தங்கிவிட்டான்.